கல்லாவில் கை வைத்ததாகப் பிடிபட்டால்: சென்னையில் அடுத்து நடப்பதும் செய்ய வேண்டியதும்

பிடிபட்டவுடன் எல்லோரும் பயப்படுவது போலீஸுக்குத்தான். ஆனால் வழக்கின் தலையெழுத்தை முடிவு செய்யும் காகிதம் பெரும்பாலும் ஸ்டேஷனில் எழுதப்படுவதில்லை. கடையின் பின்னறையிலோ எச்.ஆர். அறையிலோ, முதல் ஒரு மணி நேரத்துக்குள், உங்கள் கையெழுத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

போலீஸ் அதிகாரியிடம் "நான்தான் எடுத்தேன்" என்று சொன்னால், அந்த ஒப்புதலை உங்களுக்கு எதிராகக் கோர்ட்டில் நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 23-ஆம் பிரிவு, இரண்டும் இதைத்தான் சொல்கின்றன. நீங்கள் சொன்னதை வைத்துப் பொருளைக் கண்டெடுத்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். முதலாளிக்கோ மேனேஜருக்கோ எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அது சாட்சியமாக ஏறும். மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கியது என்று காட்டினால் 22-ஆம் பிரிவின்படி கோர்ட் தள்ளலாம். ஆனால் கதவு சாத்திய அறையில் நடந்ததற்குச் சாட்சி யார்? அறையில் இருந்த மற்ற எல்லோரும் கம்பெனி ஆட்கள்.

பின்னறை

தி.நகர் துணிக்கடை, பாரிமுனை மொத்தக்கடை, ஓ.எம்.ஆர். அலுவலகம் எதுவானாலும் காட்சி கிட்டத்தட்ட ஒன்றுதான். "மேனேஜர் கூப்பிடறார்" என்று ஆள் வரும். போனை வாங்கி மேஜையில் வைப்பார்கள். சூப்பர்வைசர் தன் மொபைலில் சி.சி.டி.வி. துண்டு ஒன்றைப் பத்து விநாடி காட்டிவிட்டு மூடுவார். ஒரு நாற்காலி போடுவார்கள். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டத்தைத் திருத்தியது. சிலருக்கு அந்த இருக்கை முதன்முதலில் கிடைப்பது இந்த அறையில்தான். பிறகு ஏ4 தாள், பேனா. "எழுதிக் குடுத்துட்டுப் போயிடு தம்பி. ஸ்டேஷன், கேஸ் எல்லாம் எதுக்கு? நாங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதான்."

அந்தத் தாளில் அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவதுதான் முதல் தவறு. அன்று கல்லாவில் குறைந்துபோன தொகை 3,200 ரூபாயாக இருக்கும். கடிதத்தில் "கடந்த மூன்று ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக 4,80,000 ரூபாய் எடுத்துள்ளேன்" என்று வரும். நடுவில் உள்ள தொகை எங்கிருந்து வந்தது? ஸ்டாக் எடுக்கும்போது வந்த மொத்தக் குறைவு அது. அதில் வாடிக்கையாளர் தூக்கிப் போனது, டேக் மாறிப் பில் ஆனது, இன்னொரு கிளைக்கு அனுப்பி என்ட்ரி போடாதது, டேமேஜ் என்று ஒதுக்கியது எல்லாம் சேர்ந்திருக்கும். பிடிபட்டவர் தலையில் மொத்தத்தையும் கட்டிவிட்டால் அந்த வருடக் கணக்கு நேராகிவிடும்.

எதுவும் எழுதாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. எழுதித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள்:

"இன்று காலை 10 முதல் இரவு 9 வரை நான் பில்லிங் கவுண்டரில் பணியில் இருந்தேன். இன்றைய கல்லாவில் 3,200 ரூபாய் குறைவதாக என்னிடம் கூறப்பட்டது. கணக்கையும் கேமராப் பதிவையும் முழுமையாகப் பார்த்தபின் என் விளக்கத்தை எழுத்தில் தருகிறேன்."

கீழே தேதியோடு நேரத்தையும் போடுங்கள். வரிகளுக்கு நடுவே பிறர் எழுத இடம் விடாதீர்கள். கையெழுத்து கடைசி வரியை ஒட்டியே இருக்கட்டும். கைப்பட எழுதிய தாளைப் போட்டோ எடுக்க விடவில்லை என்றால், வெளியே வந்தவுடன் அதில் என்ன இருந்தது, அறையில் யார் யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று உங்கள் மெயிலிலிருந்து கம்பெனி மெயிலுக்கே அனுப்பிவிடுங்கள். அன்றைக்கே அனுப்பியதற்கு உள்ள மதிப்பு ஆறு மாதம் கழித்து வக்கீல் சொல்லி எழுதியதற்கு இராது.

இன்னும் மூன்று காகிதங்களை நீட்டுவார்கள். வெற்று ஸ்டாம்ப் பேப்பரை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். புரோநோட்டில் கையெழுத்திட்டால் திருட்டு விவகாரம் கடனாக மாறிவிடும். பணம் வாங்கிக்கொண்டுதான் எழுதினார் என்றே சட்டம் முதலில் ஊகிக்கும், இல்லை என்று காட்டும் பாரம் உங்களுடையது. தொகை எழுதாத செக் இன்னும் மோசம். அது பவுன்ஸ் ஆகி, நோட்டீஸ் வந்து 15 நாட்களுக்குள் பணம் கட்டாவிட்டால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் தனி வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம். திருட்டு வழக்கு தோற்றாலும் செக் வழக்கு தனியாக நிற்கும்.

அறையைப் பூட்டி வைப்பது, அடிப்பது, வீட்டாரை வரவழைத்துத் தாலிச் செயினைக் கழற்றி வாங்குவது எல்லாம் முதலாளி செய்யும் குற்றங்கள். அடைத்து வைப்பதற்கு, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்புதல் வாங்குவதற்காக அடித்தால் 120-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை. போன் கையில் இருந்தால் 100 அல்லது 112. கடை ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது நீங்களும் சக ஊழியர் ஒருவரும் பக்கத்தில் நிற்க வேண்டும். "அவன் பெட்டியில் இருந்தது" என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது.

நிஜமாகவே எடுத்திருந்தால்? மேலே சொன்னது எதுவும் மாறாது. எடுத்த தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. திருப்பிக் கொடுப்பதென்றால் பேங்க் மூலம் கொடுங்கள், எதற்கான தொகை என்று குறிப்பிட்ட ரசீது வாங்குங்கள். கையில் கொடுத்த பணம் கொடுக்காத பணம். திருப்பிக் கொடுத்ததால் குற்றம் அழிந்துவிடாது, ஆனால் ஜாமீனிலும் சமாதானத்திலும் தண்டனையிலும் அதற்கு எடை உண்டு. வாட்ஸ்அப்பை அழிப்பது, கூட வேலை செய்பவரை "மாத்திச் சொல்லு" என்று கெஞ்சுவது இரண்டும் ஜாமீனைக் கெடுக்கும்.

மெமோவும் என்கொயரியும்

"நாளைலேர்ந்து வராதே" என்று வாயால் சொல்வது சட்டப்படி வேலைநீக்கம் ஆகாது. மறுநாளே "நான் வேலைக்கு வரத் தயார், அனுமதிக்கவில்லை" என்று பதிவுத் தபாலிலோ மெயிலிலோ அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் "சொல்லாமல் நின்றுவிட்டார்" என்று கோப்பு மூடப்படும். ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்வதும் வழக்கம். இதில் முடிவு ஆளுக்கு ஆள் மாறும். குற்றம் நிஜம், தொகை சின்னது, கம்பெனி புகார் கொடுக்காமல் ரிலீவிங் லெட்டர் எழுத்தில் தருகிறது என்றால் ராஜினாமா மோசமான பேரம் அல்ல. பழி பொய் என்றால் ராஜினாமா செய்யாதீர்கள்; வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்குப் போடலாம், தானாக விட்டதை எதிர்த்துப் போடுவது மிகக் கடினம்.

முறையாக நடந்தால் வரிசை இப்படி: சஸ்பென்ஷன், குற்றச்சாட்டு மெமோ, உங்கள் விளக்கம், உள்விசாரணை, விசாரணை அறிக்கையின் நகல், தண்டனை பற்றிய இரண்டாவது நோட்டீஸ், பிறகு உத்தரவு. சஸ்பென்ஷனில் இருக்கும் தொழிலாளிக்கு முதல் 90 நாள் பாதிச் சம்பளம், அதன்பின் 75 சதவீதம் பிழைப்பூதியமாகக் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்று 1981-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

மெமோவுக்குப் பதில் எழுதும் முன் ஆவணங்களைக் கேளுங்கள். பில்லிங் கவுண்டர் விவகாரம் என்றால் இவை: குறைவு எந்தெந்தத் தேதியில் என்ற பட்டியல், கேன்சல் ஆன பில் நம்பர்கள், ஷிப்ட் அட்டவணை, கல்லாவை ஒப்படைத்த நோட்டு, சி.சி.டி.வி. முழுப் பதிவு. நிறைய கடைகளில் ஒரே லாகினும் பாஸ்வேர்டும் மூன்று பேரிடம் இருக்கும். மதியம் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் உங்கள் ஐ.டி.யில் நாலு பில் கேன்சல் ஆகியிருக்கும். ஷிப்ட் அட்டவணையையும் கேன்சல் பில் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது தெரிந்துவிடும். கேமராப் பதிவைச் சீக்கிரம் கேளுங்கள். பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும். "பதிவை அழிக்காமல் பாதுகாத்து வைக்கவும்" என்று எழுத்தில் கேட்டபிறகும் அழிந்தால், அந்தக் கேள்விக்குக் கம்பெனிதான் பதில் சொல்ல வேண்டும்.

விசாரணையில் சக ஊழியர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளக் கேளுங்கள். கம்பெனி சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து கேட்பார்கள். சொன்னதற்கு மாறாக எழுதியிருந்தால் "ஆட்சேபத்துடன்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கோபித்துக்கொண்டு விசாரணைக்குப் போகாமல் இருப்பவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். நீங்கள் இல்லாமலேயே விசாரணை முடியும், அது செல்லவும் செய்யும்.

இங்கே தேவைப்படும் நிரூபணம் கிரிமினல் கோர்ட் அளவுக்கு அல்ல. சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அதனால் கோர்ட்டில் விடுதலை ஆனவர் வேலை திரும்பக் கிடைக்காமல் நிற்பது சகஜம். தொகை சின்னது என்ற வாதமும் அதிகம் எடுபடாது. கர்நாடக அரசுப் பேருந்து நடத்துநர் ஒருவரிடம் கணக்கில் வராமல் இருந்தது 93 ரூபாய். வேலைநீக்கம் சரி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. போனது நம்பிக்கை, தொகை எவ்வளவு என்பது முக்கியமில்லை என்பது அதன் வாதம்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆம் பிரிவு சென்னைக் கடை ஊழியருக்குக் கைகொடுக்கும். தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத நோட்டீஸும் (அல்லது அதற்கு ஈடான சம்பளமும்) இல்லாமல் நீக்க முடியாது. குற்றம் சாட்டி நோட்டீஸ் இல்லாமல் நீக்குவதென்றால் விசாரணை நடத்திச் சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். விசாரணையே இல்லாமல் அனுப்பினால் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். கெடு 30 நாள். தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் கேட்டால் உங்கள் பகுதிக்கான அதிகாரி யார் என்று சொல்வார்கள். மேனேஜர் நிலையில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சமரச அதிகாரி, பிறகு தொழில் தீர்ப்பாயம் என்ற வழி. 2025 நவம்பர் 21-ல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின் வேலைநீக்கத்தை எதிர்க்க முன்பிருந்த மூன்று ஆண்டுக் கெடு, இரண்டாகக் குறைந்துவிட்டது.

ஸ்டேஷன்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. அதற்குப் பின் நடந்த சம்பவத்துக்குப் புதிய எண்கள்தான். பொருள் யார் வசம் இருந்தது என்பதைப் பொறுத்துப் பிரிவு மாறும். முதலாளி வசம் இருந்ததை ஊழியர் எடுத்தால் 306, ஏழு ஆண்டு வரை. உங்களை நம்பி ஒப்படைத்ததை, உதாரணமாகக் கலெக்‌ஷன் பணத்தையோ குடோன் சரக்கையோ, கையாடினால் 316-இன் நான்காம் உட்பிரிவு. அதுவும் ஏழு ஆண்டு வரை. கணக்கைத் திருத்தியிருந்தால் 344. பேங்க் ஊழியருக்கு 316-இன் ஐந்தாம் உட்பிரிவு. அது ஆயுள் வரை போகும். மென்பொருள் கோட் நகலையோ வாடிக்கையாளர் பட்டியலையோ பென் டிரைவில் எடுத்துப் போனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66.

5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் தடவை, திருப்பிக் கொடுத்தாயிற்று என்றால் சமூக சேவை மட்டுமே என்ற புதிய சலுகையை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அது சாதாரணத் திருட்டுக்கான 303-க்கு உரியது. ஊழியர் திருட்டுக்கான 306-இல் அப்படி ஒரு வரி இல்லை.

நம் ஊர் நடைமுறையில் புகார் கொடுத்தவுடன் எஃப்.ஐ.ஆர். ஆகிவிடாது. முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகார் வந்ததற்கான ஒப்புகை) போட்டு, "வந்து பேசிட்டுப் போ" என்று போன் வரும். இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலான கடை விவகாரங்கள் பேசி முடிகின்றன. தனியாகப் போகாதீர்கள், வக்கீலோடு போங்கள். பேசி முடிந்தால் "மேல் நடவடிக்கை தேவையில்லை" என்று புகார்தாரர் எழுதிக் கொடுத்ததன் நகல் வாங்கிக்கொள்ளுங்கள். தொகை பெரியதென்றால் வேப்பேரி ஆணையர் அலுவலகத்தின் மத்தியக் குற்றப்பிரிவு எடுக்கும். அங்கே பேச்சுவார்த்தைக்கு இடம் குறைவு.

எஃப்.ஐ.ஆர். ஆனபின் முதலாளி மனம் மாறினாலும் ஸ்டேஷனில் போய்த் திரும்பப் பெற முடியாது. 306-உம் 316-இன் நான்காம் உட்பிரிவும் கோர்ட் அனுமதியோடு சமாதானம் ஆகக்கூடியவை. இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்யக் கேட்க வேண்டும்.

ஏழு ஆண்டு வரையிலான குற்றம் என்பதால் கைது கட்டாயமல்ல. உச்ச நீதிமன்றத்தின் 2014 அர்னேஷ் குமார் தீர்ப்புப்படியும், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவுப்படியும், கைது ஏன் தேவை என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும். இல்லையென்றால் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ்தான். நோட்டீஸ் வந்தால் கண்டிப்பாகப் போங்கள். போகாமல் போனை அணைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினால் கைதுக்கான காரணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. முன்ஜாமீன் வேண்டுமானால் அதே சட்டத்தின் 482-ஆம் பிரிவில், செஷன்ஸ் அல்லது உயர் நீதிமன்றத்தில்.

கைதானால் 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சென்னையில் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று ஸ்டேஷனைப் பொறுத்து மாறும். அடித்திருந்தால் சொல்ல வேண்டிய இடம் அதுதான், அந்த நிமிடம்தான். ரிமாண்ட் ஆனால் ஆண்களுக்குப் புழல். 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஜாமீனுக்கு இரண்டு பிணையாளர் கேட்பதும், தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்வதும் இங்கே வழக்கம். ஒரு நாள் தவறினாலும் ஜாமீன் ரத்துக்கு மனுப் போடுவார்கள், அதனால் புது வேலை தேடும்போது அந்த நேரத்தைக் கணக்கில் வையுங்கள். வக்கீலுக்குக் காசு இல்லையென்றால் 15100-க்குப் பேசுங்கள். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு.

குற்றம் நிரூபணமானாலும் முதல் தடவை என்றால் 1958-இன் நன்னடத்தைச் சட்டப்படி சிறைக்கு அனுப்பாமல் விடக் கேட்கலாம். வக்கீல்கள் கேட்க மறந்துபோகும் ஒன்று இது. தீர்ப்பு நாளில் நினைவுபடுத்துங்கள். போன வேலை அதனால் திரும்பி வராது.

வர வேண்டிய பணம்

பி.எஃப். உங்களுடையது. முதலாளி போட்ட பங்கு உட்பட, திருட்டைச் சொல்லி ஒரு பைசா பிடிக்க முடியாது. வெளியேறிய தேதியைக் கம்பெனி போடாவிட்டால் இரண்டு மாதம் கழித்து யு.ஏ.என். தளத்தில் நீங்களே போட்டுக்கொள்ளலாம். வேலை செய்த நாட்களின் சம்பளமும் அப்படியே. ஒப்படைத்த பணம் அல்லது சரக்கின் நஷ்டத்துக்குப் பிடிக்கலாம் என்றாலும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பின்தான், எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதிக்கு மேல் போகாமல். பணிக்கொடை வேறு கதை. வேலையின்போது செய்த ஒழுக்கக்கேடான குற்றம் என்றால் அதை முழுதாகவே மறுக்கலாம். அதற்குக் கிரிமினல் தண்டனை கிடைத்திருக்கத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. ஆனால் மறுப்பதற்குத் தனி நோட்டீஸ், தனி உத்தரவு வேண்டும். வாயால் "உனக்குக் கிராஜுவிட்டி கிடையாது" என்றால் செல்லாது.

அடுத்த வேலை, பாஸ்போர்ட்

ஐ.டி. கம்பெனிகளில் பின்னணிச் சரிபார்ப்பு பழைய எச்.ஆர்.-ஐக் கேட்கும், துணிக்கடைகளில் சூப்பர்வைசர் போன் போட்டுக் கேட்பார். இரண்டாவதற்கு எந்தக் காகிதமும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. வளைகுடா வேலைக்குப் போலீஸ் சான்றிதழ் கேட்கும்போது நிலுவை வழக்கு தெரியவரும். வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். அதே கோர்ட்டில் அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுத்தால் குறுகிய காலப் பாஸ்போர்ட் கிடைக்கும். சமாதானம் ஆனாலும் விடுதலை ஆனாலும் உத்தரவின் சான்றிட்ட நகல் மூன்று வாங்கி வையுங்கள். போலீஸ் கணினியில் வழக்கு முடிந்தது ஏறாமல் கிடப்பது உண்டு, அப்போது அந்த நகலைக் கொண்டுபோய்த்தான் திருத்த வேண்டும்.

விண்ணப்பத்தில் "உங்கள் மீது எப்போதாவது வழக்குப் பதிவானதா" என்ற கட்டம் வரும். வழக்கு இருந்திருந்தால், முடிந்துபோனதாக இருந்தாலும், "ஆம்" என்று எழுதி முடிவையும் பக்கத்தில் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால், விடுதலையான வழக்குக்காகக்கூட, மறைத்த காரணத்துக்காகவே வேலையை விட்டு அனுப்பலாம்.